மதிலுக்கு வெளியே ஒரு பேட்டை: டப்ளின் லிபர்ட்டீஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிபர்ட்டீஸ் எங்கே இருக்கிறது?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், லிஃபி ஆற்றின் தென்கரையில். பழைய நகர மதில் முடிந்த இடத்திலிருந்து மேற்கேயும் தெற்கேயும் விரிந்து கிடக்கிறது. தாமஸ் தெரு, மீத் தெரு, பிரான்சிஸ் தெரு, கூம், கார்க் தெரு, நியூமார்க்கெட் சதுக்கம் ஆகியவை இதன் முக்கியமான இடங்கள். கிழக்கு ஓரத்தில் செயின்ட் பேட்ரிக் பேராலயம், மேற்கு ஓரத்தில் கின்னஸ் பீர் ஆலை. இன்று இதற்குச் சட்டப்படியான எல்லை எதுவும் கிடையாது. ஒரே தெருவில் இரண்டு வீட்டாரைக் கேட்டால் எல்லையை இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

கோட்டைக்கு வெளியே சந்தையும் தொழிலுமாக வளர்ந்த குடியிருப்பைத் தமிழில் பேட்டை என்கிறோம். லிபர்ட்டீஸுக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தும்.

பெயருக்குப் பொருள் ‘சுதந்திரங்கள்’ என்பதா?

அரசியல் விடுதலைக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. பயணக் குறிப்புகள் பலவற்றில் இந்தத் தவறைப் பார்க்கலாம். இங்கே ‘லிபர்ட்டி’ என்பது தனி அதிகார எல்லை. நகரத்தை ஒட்டியே இருந்தாலும் நகர மேயரின் ஆணை அங்கே செல்லாது. அந்த நிலத்துக்கு உடையவரே நீதிமன்றம் நடத்துவார், எடைகளையும் அளவுகளையும் சோதிப்பார், கட்டணம் வாங்குவார். அவருக்காக வழக்கு விசாரிக்க ஓர் அதிகாரி உண்டு, சிறையும் உண்டு. பெருங்குற்றங்கள் மட்டும் அரசரின் நீதிமன்றத்துக்குப் போகும்.

பெயர் பன்மையில் இருப்பதற்குக் காரணம், இப்படிப்பட்ட எல்லைகள் ஒன்றுக்கு மேல் இருந்ததுதான். கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட் 1170இல் கொலையுண்டபின், இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் பெயரால் 1177இல் பெக்கெட்டின் நினைவாக ஒரு மடம் இங்கே நிறுவப்பட்டது. அந்த மடத்தின் நிலமே இவற்றில் பெரியது. டப்ளின் பேராயருக்குச் செயின்ட் செபல்கர் என்ற தனி எல்லை இருந்தது. செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவுக்கும், அதாவது டீனுக்கும், சிறியதாக ஒன்று இருந்தது. 1539இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தார். 1545இல் அதன் நிலம் வில்லியம் பிரபசன் என்பவருக்குப் போனது. அவர் வழிவந்தவர்களே மீத் பிரபுக்கள். மீத் தெரு, பிரபசன் தெரு, ஆர்டீ தெரு எல்லாம் அந்தக் குடும்பத்தின் பெயர்களும் பட்டங்களும்தான்.

இந்தத் தனி அதிகாரங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒவ்வொன்றாக ஒழிக்கப்பட்டன. மடத்தின் கட்டடம் எதுவும் இன்று தரைக்கு மேல் நிற்கவில்லை. பேராயரின் பழைய மாளிகையின் பகுதிகள் மட்டும் கெவின் தெருக் காவல் நிலைய வளாகத்துக்குள் இருக்கின்றன.

எல்லாத் தொழிலும் இங்கேயே குவிந்தது ஏன்?

இரண்டு காரணங்கள்: சட்டம், தண்ணீர். நகரத்துக்குள் தொழில் செய்ய அந்தத் தொழிலுக்குரிய சங்கத்தின் அனுமதி வேண்டும். மதிலுக்கு வெளியே அந்தப் பிடி தளர்ந்தது. நாற்றமும் புகையும் வரும் வேலைகளை நகரம் தன் நடுவில் விரும்பவுமில்லை. தோல் பதனிடுவது, சாயம் தோய்ப்பது, மால்ட் (முளைகட்டிய பார்லி) காய்ச்சுவது எல்லாம் வெளியே வந்தன. மேற்கிலிருந்து தானியம் வரும் பழைய நெடுஞ்சாலையும் தாமஸ் தெரு வழியாகவே நகருக்குள் நுழைந்தது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பகுதியில் ஓடியது பாடில் என்ற சிற்றாறு. பெரிய தொழிலுக்கு அதன் நீர் போதாது. ஆகவே 13ஆம் நூற்றாண்டிலேயே தெற்கே டாடர் ஆற்றில் ஒரு அணை கட்டி, கால்வாய் வெட்டி, அதன் நீரைப் பாடிலில் சேர்த்தார்கள். அந்த நீரில் நகரத்துக்கும் பங்கு, மடத்துக்கும் பங்கு. பங்கு பிரித்தது மவுன்ட் ஆர்கஸ் பக்கத்தில் நீரோட்டத்தின் நடுவே வைத்த ஒரு கூர்முனைக் கல். ‘நாக்கு’ என்றும் ‘கல் படகு’ என்றும் அதைச் சொல்வார்கள். அதில் மோதும் நீர் இரண்டாகப் பிரியும்: மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்கு, இரண்டு பங்கு பாடிலின் வழியே. மதகும் இல்லை, காவலும் இல்லை. கல்லை வைத்த இடமே கணக்கு. வாய்க்கால் பாசனம் தெரிந்த யாருக்கும் அதன் அருமை புரியும்.

பாடில் ஆற்றை இன்று பார்க்க முடியுமா?

பேட்டைக்குள் முடியாது, முழுக்கத் தெருக்களுக்கு அடியில் குழாயிலும் வளைவுக் கால்வாயிலும் ஓடுகிறது. லிஃபியில் கலக்கும் இடத்தை மட்டும் பார்க்கலாம். வெலிங்டன் கே கரைச்சுவரில் கம்பிக் கதவு போட்ட ஒரு வளைவு இருக்கிறது. ஆற்றில் கடல் ஓதம் வற்றியிருக்கும் நேரத்தில் எதிர்க்கரையில் நின்று பாருங்கள். ஏற்றத்தின்போது போனால் ஒன்றும் தெரியாது.

ஆற்றின் தடயம் வேறு இடங்களிலும் உண்டு. ‘கூம்’ என்ற பெயருக்கே பள்ளத்தாக்கு என்று பொருள். செயின்ட் பேட்ரிக் பேராலயம் ஒரு காலத்தில் ‘தீவில் இருக்கும் பேட்ரிக் கோயில்’ என்றே பெயர் பெற்றிருந்தது, ஏனென்றால் பாடிலின் கிளைகளுக்கு நடுவில்தான் அதைக் கட்டினார்கள். நிலத்தடி நீர் அத்தனை மேலே இருந்ததால் வெள்ளம் அதை விடாமல் தொல்லைப்படுத்தியது. இன்றும் பேட்ரிக் தெருவில் நின்றால் நிலம் பள்ளமாகத் தாழ்ந்து மறுபக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

நெசவைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சு அகதிகளா?

தொடங்கியவர்கள் அல்ல, வளர்த்தவர்கள். அவர்கள் வருவதற்கு முன்பே இங்கே கம்பளி நெசவு இருந்தது. இங்கிலாந்திலிருந்தும் நெசவாளர்கள் வந்து குடியேறியிருந்தார்கள். 1685இல் பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த உரிமையைப் பறித்தார். தப்பி ஓடிய ஹியூகனோ மக்களில் பலர் டப்ளின் வந்தார்கள். பட்டு நெசவு அவர்களோடுதான் செழித்தது. செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் மாதா சிற்றாலயம் 1666 முதல் 1816 வரை பிரெஞ்சுச் சபையினரின் வழிபாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கெவின் தெருவை ஒட்டிய ‘முட்டைக்கோஸ் தோட்டம்’ என்ற சிறு பூங்காவில் அவர்களின் இடுகாடு இருந்தது.

இங்கே பேர்பெற்ற துணி பாப்ளின். இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைக்கும் பருத்தித் துணி வேறு. டப்ளின் பாப்ளினில் பாவு பட்டு, ஊடை கம்பளி நூல். பட்டுப் பாவு நெருக்கமாக இருப்பதால் ஊடை முழுக்க மறைந்துவிடும். மேலே பார்த்தால் பட்டு. தொட்டால் குறுக்கே மெல்லிய வரி தட்டும். கம்பளி உள்ளே இருப்பதால் துணி கனமாகத் தொங்கும், எளிதில் கசங்காது.

‘டென்டர்ஸ்’ என்று ஒரு பகுதிக்குப் பெயர் வந்தது எப்படி?

துணி காயவைத்த மைதானம் அது. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை நீரில் அடித்துக் கெட்டியாக்குவார்கள். அந்த ஈரத்தோடு விட்டால் ஓரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அகலம் இடத்துக்கு இடம் மாறிவிடும். ஆகவே நீண்ட மரச்சட்டத்தில் மேலும் கீழும் வரிசையாக வளைந்த ஆணிகள் அடித்து, துணியின் இரண்டு ஓரங்களையும் அவற்றில் மாட்டி, விறைப்பாக இழுத்துக் காயவிடுவார்கள். அந்தச் சட்டத்துக்குத்தான் டென்டர் என்று பெயர்.

டப்ளினில் சில சமயம் மழை வாரக்கணக்கில் விடாது. துணி காயாவிட்டால் கொடுக்க முடியாது; கொடுக்காவிட்டால் கூலி இல்லை. மழைக்காலம் நெசவாளர் வீட்டில் பட்டினிக்காலம். துணியைக் கள்ளுக்கடை அடுப்பருகே பிடித்துக் காயவைத்துப் பொசுக்கிவிட்டவர்களும் உண்டு. இதைப் பார்த்துத்தான் தாமஸ் பிளெசன்ட்ஸ் என்ற செல்வந்தர், தன் சொந்தப் பணத்தில், உள்ளே சூடேற்றிய மூன்று மாடி உலர்த்தும் கூடம் ஒன்றைக் கார்க் தெரு அருகே 1815 வாக்கில் கட்டிக்கொடுத்தார். தேவை எதுவென்று சரியாகப் புரிந்துகொண்டு செய்த உதவி அது. ஆனால் காலம் கடந்துவிட்டது. பிரிட்டனோடு அயர்லாந்து இணைக்கப்பட்ட பிறகு, உள்ளூர்த் துணிக்குக் காப்பாக இருந்த இறக்குமதி வரி 1820களில் நீங்கியது. இங்கிலாந்தின் இயந்திரத் துணி வந்து குவிந்தது, கைத்தறி விழுந்தது. அந்தக் கூடம் பின்னாளில் வீடற்றவர்கள் இரவு தங்கும் இல்லமாயிற்று.

அதற்கு வெகு முன்பே முதல் அடி விழுந்திருந்தது. அயர்லாந்துக் கம்பளித் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 1699இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1713 முதல் 1745 வரை பேராலயத்தின் டீனாக இருந்த எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், உள்ளூர்த் துணியையே உடுத்துங்கள் என்று எழுதினார். கைத்தொழிலாளருக்குச் சிறு தொகைகளைக் கடனாகவும் கொடுத்தார், வட்டி வாங்கவில்லை. நெசவாளர்கள் அவரைத் தங்கள் ஆளாகவே கொண்டாடினார்கள்.

‘டச்சு பில்லி’ வீடு என்றால் என்ன? இன்று எப்படி அடையாளம் காண்பது?

17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கட்டிய, முக்கோண முகப்பு தெருவைப் பார்த்திருக்கும் செங்கல் வீடு. நெசவாளர் தெருக்கள் இத்தகைய வீடுகளால் நிறைந்திருந்தன. பெரும்பாலானவை இடிந்தும் இடிக்கப்பட்டும் போயின. மிஞ்சியவை வேஷம் போட்டுக்கொண்டிருக்கின்றன: பின்னாளில் முக்கோணத்தை வெட்டிவிட்டு, நேராகச் சுவர் எழுப்பி, சதுர முகப்பாக மாற்றிவிட்டார்கள்.

ஆகவே முன்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. பக்கச் சந்துக்குப் போய்க் கூரையைப் பாருங்கள். முகடு தெருவுக்கு இணையாக ஓடாமல் தெருவிலிருந்து உள்நோக்கி ஓடினால் முதல் சான்று. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, நடுச்சுவரில் மிகத் தடித்த ஒரே புகைபோக்கி இருந்தால் இரண்டாவது. உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால், கணப்பு அறையின் மூலையில் சாய்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏறக்குறைய உறுதி. தாமஸ் தெருவில் கடைகளுக்கு மேலுள்ள மாடிகளில் இப்படித் தேடலாம்.

நெசவாளர்களுக்கும் கசாப்புக்காரர்களுக்கும் சண்டை நடந்தது உண்மையா?

உண்மை. 18ஆம் நூற்றாண்டில் லிபர்ட்டீஸ் இளைஞர்களும், ஆற்றுக்கு வடக்கே ஆர்மண்ட் சந்தைக் கசாப்புக்காரர்களும் பாலங்களில் கூட்டமாக மோதிக்கொண்டார்கள். நகரமே அன்று கடையை மூடியது.

கின்னஸின் 9000 ஆண்டுக் குத்தகை இன்னும் நடக்கிறதா?

இல்லை. 1759இல் ஆர்தர் கின்னஸ் சேன்ட் ஜேம்ஸ் கேட்டில் 4 ஏக்கர் பழைய ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9000 ஆண்டுக்கு எடுத்தார். பின்னர் நிறுவனம் நிலத்தையே வாங்கிவிட்டதால் குத்தகைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1775இல் உரிய பங்குக்கு மேல் நகரக் கால்வாயிலிருந்து நீர் எடுக்கிறார் என்று சொல்லி, கால்வாயை அடைக்க மாநகராட்சி ஆட்களை அனுப்பியது. ஆர்தர் குந்தாலியைப் பிடுங்கிக்கொண்டு எதிரே நின்றார். வழக்கு நீண்டு, கடைசியில் வாடகைக்கு நீர் என்று முடிந்தது. லிஃபி நீரில் பீர் காய்ச்சுகிறார்கள் என்பது கட்டுக்கதை. நீர் விக்லோ மலைகளிலிருந்து வருகிறது.

புள்ளியியல் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. சிறு மாதிரிகளை வைத்து முடிவெடுக்கும் ‘ஸ்டூடன்ட் டி-சோதனை’ பிறந்தது இந்த ஆலையில்தான். 1899இல் இங்கே வேலைக்குச் சேர்ந்த வில்லியம் கோசெட், 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார்.

விஸ்கியும் இங்கே பெருந்தொழில். தாமஸ் தெருவில் ரோ, ஜான்ஸ் லேனில் பவர்ஸ் என்று பெரும் வடிசாலைகள் இருந்தன. ரோ வடிசாலையின் காற்றாலைக் கோபுரம் இன்றும் வெங்காய வடிவ முடியோடு நிற்கிறது. பவர்ஸ் இருந்த இடத்தில் இப்போது தேசியக் கலைக் கல்லூரி. மூன்று செம்புக் கொதிகலன்கள் வெட்டவெளியில் அப்படியே இருக்கின்றன. இந்தப் பணம் போன இடத்தையும் பாருங்கள்: 1860களில் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தைப் பழுதுபார்த்தது பெஞ்சமின் கின்னஸின் பீர்ப் பணம், 1870களில் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தைப் புதுப்பித்தது ஹென்றி ரோவின் விஸ்கிப் பணம்.

1875 விஸ்கித் தீயில் எத்தனை பேர் இறந்தார்கள்?

13 பேர். யாரும் தீயில் இறக்கவில்லை. அனைவரும் குடித்து இறந்தார்கள்.

1875 ஜூன் 18 மாலை, சேம்பர் தெருப் பக்கம் மலோன் என்பவரின் கிடங்கு பற்றிக்கொண்டது. உள்ளே சுமார் 5000 பீப்பாய் விஸ்கி. சூட்டில் பீப்பாய்கள் வெடிக்க, எரிந்தபடியே விஸ்கி ஆர்டீ தெரு, மில் தெரு வழியாகச் சரிவில் ஓடியது. தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் இங்ராம் நீர் பாய்ச்ச மறுத்தார். எரியும் மதுவை நீர் தள்ளிக்கொண்டுபோய் இன்னும் பல தெருக்களில் பரப்பும் என்பது அவர் கணக்கு. முதலில் மணலும் சரளையும் கொட்டினார்கள். விஸ்கி ஊடுருவி வந்துவிட்டது. பிறகு வண்டி வண்டியாகக் குதிரைச் சாணமும், தோல் பதனிடும் இடங்களிலிருந்து ஊறிய மரப்பட்டைத் தூளும் வந்தன. இரண்டும் ஈரமும் கனமும் உள்ளவை. எளிதில் பற்றாது, உறிஞ்சிக்கொள்ளும். அவை அணையாக நின்றன.

சாக்கடை ஓரத்தில் ஓடியது நீர் கலக்காத சாராயம். மக்கள் தொப்பியிலும் செருப்பிலும் அள்ளிக் குடித்தார்கள். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வதே வழக்கமாகிவிட்டது, அது நியாயமில்லை. ஒரு குவளை விஸ்கிக்கும் கூலியை எண்ணிப் பார்க்க வேண்டிய தெருக்கள் அவை.

நெரிசல் வீடுகள் எப்படி உருவாயின, எப்படி நீங்கின?

நெசவு விழுந்ததும் வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம், முற்றத்தில் எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே கழிவறை. மாற்று மூன்று வழியில் வந்தது. 1876இல் தொடங்கிய டப்ளின் ஆர்டிசன்ஸ் ட்வெல்லிங்ஸ் கம்பெனி, ரெஜினால்ட் தெரு, கிரே தெருப் பகுதியில் சிறு செங்கல் வீடுகளைக் கட்டியது. நன்றாகக் கட்டினார்கள், ஆனால் வாடகை கைத்தொழிலாளிக்குத்தான் கட்டுப்படியானது; பரம ஏழைகள் பக்கத்துச் சந்துக்கு நகர்ந்தார்கள். பிறகு கின்னஸ் குடும்பத்து ஐவா பிரபுவின் அறக்கட்டளை, பேட்ரிக் தெருவில் அடுக்கு வீடுகள், 1906இல் குளியல் நிலையம், பிள்ளைகளுக்கு விளையாட்டு நிலையம் என்று கட்டியது. விளையாட்டு நிலையத்துக்கு ஊர்க்காரர் வைத்த பெயர் ‘பேனோ’. அங்கே கொடுத்த கொக்கோவும் பன்னும் இன்றும் ஊர்ப்பேச்சில் உண்டு. கடைசியில் மாநகராட்சி வீடுகள் வந்தன.

பிரான்சிஸ் தெருவில் 1906இல் திறந்த ஐவா சந்தை, பூங்கா அமைக்க இடம் பறிபோன தெரு வியாபாரிகளுக்காகக் கட்டியது. பழைய துணிக்கு ஒரு கூடம், மீனுக்கும் காய்க்கும் ஒரு கூடம். பேன், பூச்சி போகத் துணியை நீராவியில் சுத்தம் செய்ய ஓர் அறை தனியாக இருந்தது. வளைவுகளின் உச்சியில் உலக வணிகரின் முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு முகம் கண்ணடிக்கிறது. 1990களில் மூடிய சந்தை, உரிமைத் தகராறில் ஆண்டுக்கணக்காகச் சிக்கிக் கூரை ஒழுகிக் கெட்டது. இந்தப் பேட்டைக்கு நேர்ந்தவற்றில் மனம் பொறுக்காதது இதுதான்.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

எழுத்தைப் பார்த்து ‘இவீ’ என்று படிப்பவர்கள் உண்டு, சரியானது ஐவா. ‘கூம்ப்’ அல்ல, கூம். ஆர்டீயில் அழுத்தம் இரண்டாம் அசையில்.

அரை நாளில் நடந்து பார்க்க எந்த வழி நல்லது?

லுவாஸ் டிராமில் சிவப்புத் தடத்தின் ஃபோர் கோர்ட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். ஃபாதர் மேத்யூ பாலத்தில் லிஃபியைக் கடந்து, குக் தெருவில் செயின்ட் ஆடோன் வளைவுக்கு வாருங்கள். 13ஆம் நூற்றாண்டு மதிலில் மிஞ்சிய வாசல் அது. படியேறி ஹை தெரு, கார்ன்மார்க்கெட் வழியாகத் தாமஸ் தெரு. மதிலைத் தாண்டுகிறோம் என்ற உணர்வு வர இந்தத் திசையில்தான் போக வேண்டும். கின்னஸில் தொடங்கினால் பாதி நாள் அங்கேயே போய்விடும். பலர் செய்யும் தவறு அது.

தாமஸ் தெருவில் ஜான்ஸ் லேன் தேவாலயம், கலைக் கல்லூரிக் கொதிகலன்கள், அடுத்து செயின்ட் கேத்தரின் தேவாலயம். 1803 செப்டம்பர் 20இல் கிளர்ச்சியாளர் ராபர்ட் எம்மெட்டைத் தூக்கிலிட்டது இதன் முன்னால்தான். மீத் தெருவில் திரும்பிக் கடைகளைப் பார்த்தபடி இறங்குங்கள். கூம் தெருவில் தூண்களோடு ஒரு வாசல் மட்டும் தனியாக நிற்கும், பின்னால் கட்டடம் இருக்காது. 1826இல் தொடங்கிய கூம் பிரசவ மருத்துவமனையின் வாசல் அது. மருத்துவமனை 1967இல் இடம் மாறியது. வாசலின் பின்பக்கம் போய்ப் படிகளைக் குனிந்து பாருங்கள்: ஊர் அறிந்த தெரு மனிதர்களின் பட்டப்பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பெரிய சாவியைத் துப்பாக்கிபோல நீட்டி, பேருந்தில் போவோரையெல்லாம் ‘சுட்டு’ விளையாடிய ‘பாங் பாங்’ அதில் ஒருவர். முன்பக்கம் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

பிறகு பிரான்சிஸ் தெரு, பேட்ரிக் பேராலயம், அதன் பக்கத்தில் 1707 வாக்கில் அமைந்த மார்ஷ் நூலகம். நூல் களவு போகாமல் வாசகரை உள்ளே வைத்துப் பூட்டிய கம்பிக் கூண்டுகள் அங்கே இருக்கின்றன. வழக்கமாக ஞாயிறும் திங்களும் நூலகம் மூடியிருக்கும். சனிக்கிழமை போவது நல்லது, அன்று மீத் தெருவும் கலகலப்பாக இருக்கும்.

முன்னோர் லிபர்ட்டீஸ்காரர்கள். எங்கே தேடுவது?

1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்கள் தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் இலவசம். தெருவாரியாகத் தேடுங்கள், பெயரின் எழுத்து மாறியிருக்கும். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளை நம்ப வேண்டாம்: சில 1922இல் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் எரிந்தன, சில அரசே அழித்தவை. பிறப்பு, இறப்பு, கத்தோலிக்கத் திருமணப் பதிவு 1864 முதல் உண்டு; மற்றவர் திருமணம் 1845 முதல். அதற்கு முன் என்றால் தேவாலயப் பதிவேடு. கத்தோலிக்க ஏடுகளை 1880 வரை தேசிய நூலகத் தளத்தில் பார்க்கலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: ‘செயின்ட் கேத்தரின்’ என்ற பெயரில் தாமஸ் தெருவில் புராட்டஸ்டன்ட் தேவாலயமும், மீத் தெருவில் கத்தோலிக்கத் தேவாலயமும் உண்டு. எந்த ஏடு என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரே குடும்பம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அறை மாறியிருக்கும். ஆகவே முகவரி பொருந்தவில்லை என்று ஒரு பதிவைத் தள்ளிவிடாதீர்கள், ஞானப்பெற்றோர் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹியூகனோ வழி என்றால், பேட்ரிக் பேராலயப் பிரெஞ்சுச் சபையின் பதிவுகள் 1893இலேயே அச்சில் வந்துவிட்டன.